கடுக்காய் மலையும் கயிற்று ரயில் மலையும்

1

பினாங்கில் மாசி மாதம் என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லா மாதமும் ஒரே மாதம்தான். காலையில் வெயில், மத்தியானம் புழுக்கம், சாயங்காலம் ஒரு மழை. எங்கள் தெருமுனையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் மம்மது சொல்வான்: “இங்க சுவத்துல காலண்டர் மாட்டறதே, அடிச்ச ஆணி வீணாப் போவக் கூடாதுன்னுதான் பாய்.” ஊரில் இருக்கும் நீங்கள் மாசிப் பனியில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது, நாங்கள் இங்கே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இந்தப் புழுக்கத்துக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் பட்டணத்துக்குப் பின்னால் இருக்கும் மலைமேல் பங்களா கட்டிக்கொண்டார்கள். அவர்கள் ஏறி இறங்க ஒரு ரயில் விட்டிருக்கிறார்கள். அதற்குப் புகை கிடையாது, கூவல் கிடையாது. மேலே இருந்து ஒரு தடித்த கயிறு இழுக்கிறது. ஒரு வண்டி ஏறினால் இன்னொரு வண்டி இறங்கும், கிணற்றில் இரண்டு வாளி மாதிரி. நான் இந்த ஊருக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் அதில் ஏறினதில்லை. செருப்புக் கடைக்காரனுக்கு மலைமேல் என்ன வேலை?

போன ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். மனைவி மைமூனையும் மகள் ஹலீமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உல்லாசத்துக்கு என்றுதான் வீட்டில் சொன்னேன். உள்ளே வேறு எண்ணம் இருந்தது.

ஆம்பூரிலிருந்து தோல் வியாபாரி இப்ராகிம் பாய் வந்திருந்தார். வந்த சரக்கை விற்றுவிட்டு வியாழக்கிழமை கப்பலில் திரும்புவதாக இருந்தார். அவர் வாயிலாக என் அக்கா ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் மகனுக்கு ஹலீமாவைக் கேட்கிறாள். பையன் கெட்டிக்காரன், அவர்கள் குடும்பத்துத் தோல் ஷாப்பை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம், பிற ஊர்க்காரர்கள் கடை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சேதியைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையை விட்டு நான் போக முடியாத ஊருக்கு என் மகள் போய் இருப்பாள். அந்தத் தெரு, அந்தக் கிணறு, அந்தப் பள்ளிவாசல் வாசல், எல்லாவற்றிலும் எங்கள் கால் மறுபடி படும். மைமூன் கேட்டுவிட்டு “ம்” என்று மட்டும் சொன்னாள். ஹலீமா அதுகூடச் சொல்லவில்லை. மலைமேல் குளிர்ந்த காற்றில் உட்கார வைத்து, ஆம்பூரைப் பற்றி நாலு வார்த்தை இதமாகச் சொன்னால் பெண் மனம் இளகும் என்று நான் கணக்குப் போட்டேன்.

2

அதற்கும் முன்னால் நான் செய்த ஒரு கோமாளித்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பெண் சரி என்று சொல்வதற்குள்ளேயே கப்பல் ஆபீசுக்குப் போய்விட்டேன். ஊருக்குப் போகிற ஒரு பெண்பிள்ளைக்கு என்னென்ன சீட்டு வேண்டும் என்று விசாரிக்கத்தான். இங்கிலீஷ் பேச ஹலீமாவையே கூட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அங்கே இருந்த குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். அம்மை குத்தின சீட்டு இருக்கிறதா, எங்கே பிறந்தாள், எப்போது பிறந்தாள் என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில், “சொந்த ஊர் எது?” என்றார்.

“ஆம்பூர்” என்றேன் நான்.

“பினாங்கு” என்றாள் அவள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு ஆளுக்கு ஒரு ஊர்தான் எழுதலாம். வீட்டில் பேசி முடித்துக்கொண்டு வாருங்கோ” என்றார்.

வெளியே வந்ததும் ஹலீமா ‘பனாஸ், பனாஸ்’ என்று முந்தானையால் விசிறிக்கொண்டாள். மலாய்க்காரர்கள் வெயிலுக்குச் சொல்கிற வார்த்தை. கோபம் வந்தாலும், தூக்கத்தில் உளறினாலும் அவளுக்கு அந்தப் பாஷைதான் முதலில் வரும். தமிழில் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் கடையில் செருப்பு போட்டுப் பார்க்கிற மாதிரி, சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் பேசுவாள். ஆம்பூர் போனால் ஒரே மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

3

மலை ரயில் ஏறுகிறபோது யாரும் பேசுவதில்லை. ஏன் என்று தெரியவில்லை. ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி பாதை. பட்டணம் முதலில் காலுக்குக் கீழே போகிறது, பிறகு ஓட்டுக் கூரைகளாகச் சிறுக்கிறது, பிறகு பச்சைக்குள் மறைந்துவிடுகிறது. கடல் மட்டும் கூடவே வருகிறது. நாம் ஏற ஏற அதுவும் எழுந்து நிற்பது போல் இருக்கிறது. பாதி வழியில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். அங்கே இறங்கும்போதே காற்று வேறு. ஈரம், இலை, பாசி, மண். மைமூன் வெள்ளைத் துப்பட்டியை முகத்திலிருந்து விலக்கிக்கொண்டு, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய அந்தக் காற்றை இழுத்தாள். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதே பெண் இதே மாதிரி இன்னொரு மலையில் நின்றது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

உச்சியில் பனி வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் எதிரே மரம் இருக்கும், அடுத்த நிமிஷம் இருக்காது. வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தியின் நாய்க்குட்டி மட்டும் பனிக்குள் எங்கேயோ குரைத்தது. ஒரு பெரிய மரத்தின் கீழே பெஞ்சு கிடந்தது. மூவரும் உட்கார்ந்தோம். ஹலீமா இரண்டு கையையும் பனிக்குள் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளாகவே கேட்டாள். “அத்தா, ஆம்பூர்ல இந்த மாதிரி மலை இருக்குதா?”

நான் காத்திருந்தது இதற்குத்தானே! “இல்லாம? ஜவ்வாது மலை இல்ல? உங்கம்மாவ நான் இட்டுக்கினு போன கதை தெரியாதா உனக்கு?”

“தெரியும். நூறு வாட்டி சொல்லிட்டீங்க.”

“நூத்தியொண்ணாவது வாட்டி சொல்றேன். கேளு.”

மைமூன் துப்பட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

4

கல்யாணமான புதிது. மைமூன் அணைக்கட்டு என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவள் வீட்டில் வாழைத் தோட்டமும் மாடு கட்டி இறைக்கிற கவலைக் கிணறும். எங்கள் வீடோ ஷாப்புக்கு அடுத்த சுவர். பச்சைத் தோல் சுண்ணாம்புக் குழியில் ஊறும். பிறகு மயிர் கழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கிடந்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் நிறம் ஏறி, புங்க எண்ணெய் தடவி வெயிலுக்கு வரும். பிறந்ததிலிருந்து அதற்குள்ளே இருந்த எங்களுக்கு வாசனை என்று ஒன்று இருப்பதே தெரியாது. புதுப்பெண்ணுக்கோ சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்தால் குமட்டல். ஒரு கவளம் வாய்க்குப் போகும், திரும்பி வந்துவிடும். கன்னம் ஒட்டிப் போயிற்று.

என் அக்கா நல்லவள்தான். ஆனால் வாய் ஷாப்புக் கத்தி மாதிரி. “அடேய், இவ காத்தக் குடிச்சே உசுரு வச்சிக்கினு இருக்கறா. நாளைக்கு எதனா ஆச்சுன்னா பழி நம்ம தலையில. கொண்டு போயி அவங்க அம்மா வூட்ல வுட்டுட்டு வா. உடம்பு தேறினா பாத்துக்கலாம்” என்றாள். தேறினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பின பெண்கள் திரும்பி வந்ததை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

அந்த வாரம் நான் வேலை பார்த்த ஷாப்பின் முதலாளி என்னை மலைக்குப் போய்க் கடுக்காய் பேசிவிட்டு வரச் சொல்லியிருந்தார். மலைக்காரர்கள் பொறுக்கி உலர்த்தி வைத்திருப்பார்கள். நான் போய்க் கடித்துப் பார்த்து, துவர்ப்பு எப்படி என்று சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் ஒடுகத்தூர். அங்கிருந்து பாதை பிரியும், ஒன்று அணைக்கட்டுக்கு, ஒன்று ஆம்பூருக்கு. மலைக்குப் போய்விட்டு, திரும்பும்போது அவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருவது என்று ஏற்பாடு. அவளுடைய தகரப் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டோம்.

வழிக்குச் சாப்பாடு வேண்டுமே. பெண்சாதியோடு போகிற முதல் பிரயாணம், கடைசிப் பிரயாணமாகவும் இருக்கலாம். நான் என் கையாலேயே ஒரு பை தைத்தேன். நயமான ஆட்டுத் தோல், என் குழியில் பதமானது, எண்ணெய் போட்டு மினுமினு என்று தேய்த்தது. அதற்குள் புளிச்சோறும் அவித்த முட்டையும் வைத்துக் கட்டிக்கொண்டேன். நாற்றம் தாங்காமல் தவிக்கிற பெண்ணை நாற்றமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போகிறோம், அதற்கு நாற்றத்திலேயே பை தைத்துச் சோறு கட்டியிருக்கிறோம் என்று என் புத்திக்கு எட்டவில்லை. வண்டிக்காரன் முனுசாமிக்கும் எட்டவில்லை. அவனும் ஷாப்புத் தோல் ஏற்றுகிறவன்தானே.

அடிவாரத்தில் வண்டியை அவிழ்த்துவிட்டு நடந்து ஏறினோம். மாசிப் பனி மூங்கில்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் ஊர் வந்ததும் ஒரு மலைக்காரப் பெண் வீட்டு முன்னால் நான் பையைப் பிரித்தேன். மைமூன் எழுந்து ஓடிப்போய் மரத்தடியில் வாந்தி எடுத்தாள். கட்டியிருந்த ஆடுகள் வேறு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தன.

மலைக்காரப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “இன்னா சாயபு, அந்தப் பைய தூர வையி. எங்க ஆடுங்க அதுங்க ஆயாவையே உரிச்சு எட்தாந்துட்டியோன்னு மிரளுதுங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைக்கு அந்தப் பக்கம் போட்டேன். பிறகு என் கையை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, இருக்கத்தான் இருக்கும். ஓடையில் இறங்கி மணலைப் போட்டுத் தேய்த்தேன், இலையைக் கசக்கித் தேய்த்தேன். திரும்பி வந்தபோது மைமூன் மலைக்காரி போட்ட சாமைச் சோற்றையும் மொச்சைக் குழம்பையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு முடிந்து இன்னொரு தட்டு. குழம்பை விரலால் வழித்துச் சாப்பிட்டாள். நான் தூரத்திலேயே நின்றுகொண்டேன், காற்று என் பக்கமிருந்து அவள் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டு.

அந்தப் பகல் எப்படிப் போனதென்று தெரியாது.  பனி வந்தது, போனது. பறவைகள் கூப்பிட்டன. இறங்கி வந்து வண்டி கட்டி, பொழுது சாயும்போது ஒடுகத்தூரில் பாதை பிரியும் இடத்தில் நின்றோம்.  முனுசாமிதான் திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

“எம்மா, வண்டிய எந்தப் பக்கம் ஓட்டறது?”

துப்பட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஆம்பூருக்கே ஓட்டுண்ணா.”

5

“பாத்தியாம்மா? மலைக் காத்து ஒரு பகல் பட்டுச்சு, உங்கம்மா மனசு மாறிடுச்சு. அப்புறம் ஆம்பூரே அவளுக்குச் சொர்க்கமாப் போய்டுச்சு” என்று முடித்தேன். எப்போதும் அப்படித்தான் முடிப்பேன்.

ஹலீமா அம்மாவைப் பார்த்தாள். அன்றைக்கு அந்தப் பனிக்குள் மைமூன் முதல் முறையாக அந்தக் கதைக்குள் வாயைத் திறந்தாள்.

“மலைக் காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“பின்ன?”

“நீங்க ஓடையில கை கழுவினீங்களே, அத பாத்துக்கினு இருந்தேன். உங்களுக்கு அந்த வாசன தெரியவே தெரியாது. தெரியாத வாசனைய எனக்காகத் தேய்க்கறீங்க. கை செவந்து போச்சு, அப்பவும் தேய்க்கறீங்க. அத பாக்கறப்போதான் எனக்குச் சோறு எறங்குச்சு.” அவள் பனியைப் பார்த்தே பேசினாள். “அம்மா வூட்டுக்குப் போயிருந்தா நான் மட்டும் தப்பிச்சிருப்பேன். உங்களையும் வெளிய இட்டுக்கினு வரணும்னா, மொதல்ல உள்ள போய்த்தானே ஆவணும்? அதான் ஆம்பூருன்னேன்.”

எனக்குச் சிரிப்பதா என்ன என்று தெரியவில்லை. “வெளிய இட்டுக்கினு வந்தியா? பேரணாம்பட்டு தோல் வியாபாரி பினாங்குல தரம் பிரிக்க ஆள் தேடினாரு, எனக்கு அதிர்ஷ்டம் அடிச்சுது. நீ எங்க வந்த இதுல?”

“அவரு ஆள் தேடறது உங்க காதுக்கு எப்படி வந்துச்சு?”

“அவரே வூட்டுக்கு வந்து கூப்பிட்டாரு.”

“அவரு வூட்டம்மா எனக்கு தோஸ்த். ஒரு நிக்காஹ்ல பக்கத்துல பக்கத்துல ஒக்காந்தோம். எங்க வூட்டுக்காரரு தோலத் தொட்டாலே ரகம் சொல்லிடுவாரு, கடல் தாண்டி அனுப்பினாலும் போவாருன்னு நான்தான் சொல்லி வச்சேன். உங்களக் கேட்டா சொன்னேன்? கேட்டிருந்தா ஷாப்ப வுட்டு வந்திருப்பீங்களா?”

கேளுங்கள், இத்தனை காலம் நான் பிழைப்பைத் தேடிக் கடல் தாண்டினவன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு பெண்பிள்ளை பெட்டியோடு பெட்டியாகத் தூக்கி வந்திருக்கிறாள்! எதிரே பனி கொஞ்சம் விலகியது. கீழே கடலும் அதன்மேல் பொம்மை மாதிரி ஒரு கப்பலும் தெரிந்தன. பிறகு மூடிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒடுகத்தூர் வழியில் நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. வண்டி ஆம்பூரை நெருங்கும்போது சட்டென்று ஒரு நாற்றம் என் முகத்தில் அடித்தது. செத்த மாடு ஏதாவது வழியில் கிடக்கிறதோ என்று முனுசாமியைக் கேட்க வாயெடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது எங்கள் ஊர். ஒரு பகல் மலையில் இருந்ததற்கே என் மூக்கு கழுவப்பட்டிருந்தது. மைமூன் துப்பட்டியின் ஒரு நுனியை எடுத்து என் கையில் கொடுத்தாள். இருவரும் ஒரே துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊருக்குள் போனோம். மறுநாள் விடிந்தபோது எனக்கு எதுவும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது, நாங்கள் கப்பல் ஏறுகிற வரைக்கும்.

“ஹலீமா” என்றாள் மைமூன். “நான் உனக்குப் போன்னும் சொல்ல மாட்டேன், போவாதேன்னும் சொல்ல மாட்டேன். உங்கத்தா கேக்கறாரு. உன் வாயால சொல்லு.”

 பனி ஹலீமா முடியில் சின்னச் சின்னத் துளிகளாக நின்றது. தமிழ் வார்த்தைகளைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் அவசரப்படுத்தவில்லை.

“அத்தை மேல எனக்குக் கோவம் இல்ல அத்தா. அந்தப் பையன் மேலயும் இல்ல. வாசன கூடப் பரவால்ல, அம்மா மாதிரி நானும் இருந்துடுவேன். ஆனா அங்க போனா தெனமும் பினாங்க நெனச்சிக்கினு இருப்பேன். நீங்க இங்க ஆம்பூர நெனச்சிக்கினு இருக்கறீங்களே, அந்த மாதிரி. எனக்கு அது வேணாம்.”

“இத அன்னிக்கே சொல்லி இருக்கலாமேம்மா.”

“ஊர்க் கதை சொல்றப்போ உங்க மொகம் எப்படி இருக்குது தெரியுமா? அத பாத்துக்கினு எப்படிச் சொல்றது?”

இறங்கும்போது கடைசி வண்டி. பட்டணத்து விளக்குகள் ஒவ்வொன்றாகக் கீழே முளைத்தன. ஹலீமா அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். புழுக்கம் படிப்படியாக எங்களை நோக்கி ஏறி வந்தது. நடுவில் எங்கள் வண்டியும் மேலே போகிற வண்டியும் ஒன்றையொன்று தாண்டின. அந்த வண்டியில் ஒருவருமே இல்லை. வெறும் பெஞ்சுகள் மட்டும் விளக்கு வெளிச்சத்தோடு பனிக்குள் ஏறிப் போயின. அதில் நான் உட்கார்ந்திருக்கிறேனோ என்று ஒரு கணம் உற்றுப் பார்த்தேன்.

6

வியாழக்கிழமை துறைமுகத்துக்குப் போனேன். இப்ராகிம் பாய் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில், வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா பாய், சேதி சந்தோஷமா?”

“அக்காவுக்கு சலாம் சொல்லுங்க. பையன் தங்கமான பையன். எங்க பொண்ணு பினாங்குக்காரி ஆய்ட்டா, அவளால அங்க வர முடியாதுன்னு சொல்லுங்க.”

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ ஊருக்குத் திரும்பி வர ஒரு கயிறு போட்டாங்க. நீயே அறுத்துட்டியேய்யா. உங்கக்கா என்னக் கேள்வி கேட்டே பேஜார் பண்ணிடும். யாரு வேணாம்னாங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றேன். மகள்மேல் ஊர்ப் பேச்சு வரக் கூடாது. அக்கா என்னைத் திட்டட்டும். அவள் திட்டிக் கேட்டும் நாளாயிற்று.

கப்பல் நகர்ந்த பிறகும் அங்கேயே நின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நடந்து வரும்போது ஒன்று தோன்றியது. எங்கள் வீட்டில் இருப்பது மூன்று பேர். அவர்களில் இருவர் தங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். அக்கரைச் சீமையில் இருப்பது நான் ஒருவன் மட்டும்தான். ஒரே கூரை, ஒரே சோறு, ஆனால் எனக்கு மட்டும் தினமும் கடல் தாண்டிப் போய்ப் படுக்கிற வழக்கம்.

வீட்டு வாசலில் ஹலீமா நின்றுகொண்டிருந்தாள். கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

“சொல்லிட்டேன்மா. நீ இங்கியேதான் இருப்பேன்னு சொல்லிட்டேன்.”

அவள் முகம் தெளிந்தது. உள்ளே போகத் திரும்பினவள் நின்று, நிதானமாக வார்த்தையைத் தேடிக் கேட்டாள். “நீங்க எங்க இருப்பீங்க அத்தா?”

“நானா? அத உங்கம்மாவக் கேட்டுத்தான் சொல்லணும்” என்றேன்.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு மைமூன் சிரிக்கிறது கேட்டது.